குறைவாக ஓடிய வண்டி

பழைய வண்டி விற்கும் எவரும் முதலில் சொல்வது கிலோமீட்டர் கணக்கைத்தான். அது குறைந்த கணக்காக இருந்துவிட்டால் குரலில் ஒரு பெருமிதம் ஏறிவிடும். "வீட்டை விட்டு வெளியே எடுத்ததே இல்லீங்க" என்று, பொத்திப் பொத்தி வளர்த்த பெண்ணைப் பற்றிப் பேசுவது போலச் சொல்வார்கள். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேப்பம்பட்டிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பழைய பெட்ரோல் வேன் ஒன்றைத் தேடி அலைந்த இரண்டு மாதங்களில் இந்தப் பெருமிதத்தை நாங்கள் வேண்டிய மட்டும் கேட்டுவிட்டோம். அதை நம்பலாமா என்பதே இங்கு விஷயம். இலக்கியம் பேசும் இடத்தில் என்ஜின் எதற்கு என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இலக்கியமும் வரும், சற்றுப் பொறுத்தருள்க.

நாங்கள் என்றால் அக்காவும் தம்பியும். இருவருக்கும் ஐம்பது கடந்துவிட்டது. அம்மாவுக்கு அப்போது எழுபத்தொன்பது. இரு முழங்கால்களும் மடங்க மறுத்துவிட்ட நிலை, அரை மணிக்கு மேல் உட்கார்ந்தால் இடுப்பு தாங்காது, படுத்தால் ஒன்றுமில்லை. மன்னார்குடிக்குக் கிழக்கே உள்ள தன் சிற்றூருக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வேண்டுதல். வேப்பம்பட்டிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ரயில் என்றால், வேப்பம்பட்டு நிலையத்தின் படிகளையே அவரால் ஏற முடியாது, பிறகல்லவா எழும்பூர். வாடகைக் காரில் படுக்க இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிப்பறை. வழியில் உள்ள ஓட்டல்களின் கழிப்பறைகளில் குந்தி எழ அவரால் இயலாது என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டே மூன்று ஆண்டுகள் பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார். ஆம்புலன்ஸ் ஒன்றை அமர்த்தலாமா என்று கேட்டபோது, "ஆம்புலன்ஸ்ல போயி எறங்குனா ஊர்ல பாய எடுத்துப் போட்டுருவாங்கடா" என்றார். ஆகவே படுக்கையும், திரைச்சீலையும், நாற்காலி வடிவக் கழிப்பறை ஒன்றும் கொள்ளும் வண்டி வேண்டியிருந்தது. அதாவது ஒரு சிறு வீடு, சக்கரம் வைத்தது.

இதை அமெரிக்காவில் மோட்டார்ஹோம் என்கிறார்கள். அங்கே வேலையாக இருக்கும் எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டு, "பழைய கேஸ் என்ஜின் வண்டி வாங்குங்கள், டீசலைவிடச் செலவு குறைவு" என்று யோசனை சொன்னான். அம்மா பதறிப்போனார். கேஸ் என்றால் அவருக்கு அடுப்படிச் சிலிண்டர். அவர்கள் ஊரில் பெட்ரோலுக்குத்தான் கேஸ் என்று பெயர் என்பதைப் புரியவைக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. ஆனால் அவருடைய அச்சம் அடியோடு பொய் என்றும் சொல்லிவிட முடியாது. நம் நாட்டில் எரிவாயுவை வாகன எரிபொருளாகப் பயன்படுத்தச் சட்டம் இடம் கொடுத்தது 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகுதான். அதற்கு முன்னும், வெட்கமின்றி அதற்குப் பின்னும், வீட்டுச் சிலிண்டரைப் பின்னிருக்கைக்கு அடியில் கட்டிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வேன்களை இந்தப் புறநகர்ச் சாலைகளில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

அந்த அமெரிக்க வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்தோம். 1973 முதல் 1978 வரை வெளிவந்த ஜி.எம்.சி. மோட்டார்ஹோமின் தொடக்கக்கால வண்டிகளில் ஓல்ட்ஸ்மொபீலின் 455 கன அங்குலப் பெட்ரோல் என்ஜின். ஏறத்தாழ ஏழரை லிட்டர். நம் ஊர்ச் சிறு வேன்களில் ஒன்பது வண்டியின் என்ஜின்களைச் சேர்த்தால் அது ஒன்றாகும். அரை நூற்றாண்டு கடந்தும் அவற்றை ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அங்குள்ள அனுபவசாலிகள் பழைய மோட்டார்ஹோம் வாங்குபவருக்குச் சொல்வது எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. குறைந்த கிலோமீட்டரைக் கண்டு மயங்காதே என்கிறார்கள். அவை ஆண்டில் சில வாரங்கள் ஓடி, மீதி மாதங்களெல்லாம் கொட்டகையில் நிற்பவை. ஓட்டம் குறைவு, வயது அதிகம். வண்டிக்குள் மின்சாரம் தரும் சிறிய ஜெனரேட்டரைக்கூட மாதம் ஒருமுறையாவது சுமை கொடுத்து ஓட்டிவை, இல்லாவிட்டால் கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகிவிடும் என்பது அவர்களிடையே வழங்கும் பாலபாடம்.

நம்மிடம் இந்த மரபு இல்லை என்று எண்ண வேண்டாம். இன்று 'கேரவன்' என்றால் நமக்குக் கோடம்பாக்கத்து நடிகர்களின் குளிரூட்டிய வண்டிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் 1982இல், சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்து புகழ்பெற்ற என்.டி.ராமராவ், பழைய செவர்லே வேன் ஒன்றைச் செப்பனிட்டு, சைதன்ய ரதம் என்று பெயரிட்டு, மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட ஆந்திரம் முழுவதும் சுற்றிவந்தார். உணவும் உறக்கமும் பெரும்பாலும் அதிலேயே. ஒரு கட்சியின் எதிர்காலத்தையே பழைய வண்டியின் மீது ஏற்றிய துணிச்சலை என்னவென்பது!

அதற்கும் முன்னே போனால் பெரும்பாணாற்றுப்படை இருக்கிறது. எங்கள் வேப்பம்பட்டு அடங்கிய தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் வரும் உப்பு வணிகரின் வண்டி அசல் மோட்டார்ஹோம்தான். மோட்டார் மட்டும் இல்லை. கோழிக்கூடு, தொங்கவிட்ட சிறிய உரல், காடி வைத்த பானை, கைக்குழந்தையோடு மாட்டை ஓட்டும் பெண் என்று ஒரு குடும்பமே சாலையில் நகர்கிறது. இதே உமணர்கள் வண்டிக்கு அடியில் உபரி அச்சு ஒன்றையும் கட்டிக்கொண்டு போவார்கள் என்பதைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் சொல்கிறார். பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, யார் அறிவார் என்ற கவலையில் கட்டிய அச்சு அது. உலகின் மிகப் பழைய ஸ்டெப்னி என்று நாங்கள் அதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இனி என்ஜினுக்கு வருவோம்.

இந்தியாவில் சிறிய பெட்ரோல் வேன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1984இல் வந்த மாருதி வேன். பின்னாளில் ஆம்னி. (நம் மாநிலத்தில் ஆம்னி என்றால் பஸ், சினிமாவில் ஆம்னி என்றால் ஆள்கடத்தல்.) 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன்னிருக்கைகளுக்கு அடியில் என்ஜின், பின்சக்கர ஓட்டம். 2019இல் உற்பத்தி நின்றது. எளிய கட்டமைப்பு, எந்த ஊரிலும் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக், எந்தக் கடையிலும் கிடைக்கும் உதிரி பாகம் என்ற மூன்றும் சேர்ந்துதான் அத்தகைய வண்டிகளுக்கு உழைப்பாளி என்ற பெயரை வாங்கித் தந்தன. எங்கள் வண்டி எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே தேவையில்லை. அதன் குணமும் குற்றமும் பெரும்பாலும் அதை வைத்திருந்தவர்களுடையவை.

மூன்று வண்டிகள் எங்கள் பரிசீலனையில் எஞ்சின. முதலாவது திருநின்றவூரில் ஒரு வீட்டு வாசலில் நின்றது. 2007ஆம் ஆண்டு வண்டி, 31,000 கிலோமீட்டர். சாயம் மங்காத வெள்ளை. வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர். நாள்தோறும் மகனை ரயில் நிலையத்தில் விட்டு அழைத்துவர மட்டும் பயன்படுத்தியதாகவும், மகன் வெளிநாடு போன பின் இரண்டு ஆண்டுகளாக எடுக்கவே இல்லை என்றும் உண்மையாகவே சொன்னார். இரண்டாவது பட்டாபிராமில், எரிவாயுத் தொட்டி பொருத்தியது. மூன்றாவது அம்பத்தூரில், தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு எடுத்துச் சென்ற சமையல் காண்ட்ராக்டருடையது. 2008 வண்டி, 1,62,000 கிலோமீட்டர். உள்ளே சாம்பார் வாசனை குடியேறியிருந்தது. பக்கவாட்டுக் கதவு இழுத்தால் அழும்.

எங்களுக்கு முதல் வண்டியில்தான் மனம் போயிற்று, அம்மாவுக்கும். சி.டி.எச். சாலையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போனோம். அவர் வண்டியைச் சுற்றி வரவில்லை, கதவைத் தட்டிப் பார்க்கவில்லை. இருக்கையைத் தூக்கி, என்ஜினில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி, அதன் உட்புறத்தை எங்களிடம் காட்டினார். தயிர்ச்சாதத்தை வழித்தது போல வெண்ணிறப் பிசுக்கு.

"ஸ்டேஷனுக்கும் வூட்டுக்கும் ஒரு கிலோமீட்டர் சார். அதுக்குள்ள என்ஜின் எங்க சூடாவும்? சூடாவாத என்ஜின்ல தண்ணி வெளிய போவாது. இது ஓடிக் கெடல சார், நின்னு கெட்டுது."

பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெயில் சேர்கிறது. என்ஜின் நன்கு சூடாகி அரை மணியாவது ஓடினால் ஆவியாகி வெளியேறிவிடும். ஒரு கிலோமீட்டரில் அணைத்துவிட்டால் அங்கேயே குளிர்ந்து தங்கி, எண்ணெயைக் கெடுத்து, உள்ளிரும்பைத் தின்னத் தொடங்கும். எனவே 31,000 கிலோமீட்டர் என்ற எண் ஓய்வைக் குறிக்கவில்லை. ஆயிரக்கணக்கான முறை குளிர்ந்த நிலையிலேயே கிளப்பப்பட்டு, சூடு காணாமலேயே அணைக்கப்பட்ட ஒரு வாழ்வைக் குறித்தது.

அதன் மேல் இரண்டாண்டு நிறுத்தம். தொட்டியில் தேங்கிய பெட்ரோல் நாள்பட நாள்படப் பிசினாகி, பம்ப்பையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். பெட்ரோலில் எத்தனால் சேர்ந்த பிறகு கூடுதலாக இன்னொரு தொல்லை. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கக்கூடியது. நிற்கும் வண்டியின் தொட்டியில் தண்ணீர் சேர அது வழி செய்கிறது. பழைய வண்டிகளின் சில ரப்பர்க் குழாய்களை அது உப்பவும் வெடிக்கவும் வைக்கிறது. ரேடியேட்டரில் மாற்றாமல் விட்ட நீர் துருவாகிறது. தெர்மோஸ்டாட் இறுகிப்போகிறது. டைமிங் பெல்ட் என்ற ரப்பர் வார் உள்ள என்ஜின்களில் அதற்கு ஓட்டக் கணக்கு மட்டுமல்லாமல் ஆண்டுக் கணக்கும் உண்டு. நின்ற இடத்திலேயே அது கிழடாகும். டயரும் அப்படித்தான். வேப்பம்பட்டு, திருநின்றவூர்ப் பக்கத்துக் காலிமனைகளில் முட்புதர் மண்டிய தெருக்களில் வசிப்பவர்களுக்கு எலியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு நிற்கும் வண்டி ஒரு சத்திரம். ஒயர் என்றால் விருந்து.

பட்டாபிராம் வண்டியை மெக்கானிக் வேகமாகவே தள்ளிவிட்டார். எரிவாயு பெட்ரோலைப் போல் வால்வுகளின் இருக்கைக்கு ஈரப்பசை தராத வறண்ட எரிபொருள். அதற்கென அமையாத என்ஜினில் வால்வு இருக்கை மெல்லத் தேயக்கூடும். அந்த வண்டியில் ஒரு சிலிண்டரின் அழுத்தம் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. தொட்டியின் சோதனைச் சான்றும் காலாவதி. நல்ல கருவி பொருத்தி, பதிவுச் சான்றில் ஏற்றி, ஒழுங்காகப் பராமரித்த எரிவாயு வண்டிகள் நன்றாகவே ஓடுகின்றன. இது அந்த ரகமில்லை.

அம்பத்தூர் வண்டிக்குத்தான் அவர் நேரம் செலவழித்தார். முதல் நாளே சொல்லிவைத்து, காலை ஆறு மணிக்கு, யாரும் கிளப்பிச் சூடாக்கி வைப்பதற்கு முன் போய்ச் சேர்ந்தோம். என்ஜின் மேல் கைவைத்துப் பார்த்தார், சில்லென்று இருந்தது. இரண்டாம் சுற்றில் கிளம்பியது. புகையில் நீலமில்லை. நீலம் இருந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். சூடான பிறகும் வெண்புகை அடங்காவிட்டால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது என்று பொருள். ரேடியேட்டரில் குமிழி இல்லை. கம்ப்ரெஷன் கேஜை ஒவ்வொரு சிலிண்டரிலும் வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒன்றுக்கொன்று நெருக்கமான அளவுகள். புதிய என்ஜின் அளவுக்கு இல்லை. "அளவு கொஞ்சம் கம்மியா இருக்கலாங்க்கா, அண்ணன் தம்பிக்குள்ள வித்தியாசம்தான் இருக்கக் கூடாது" என்றார். பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடியில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று தேடினார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் கைமாறிக் கைமாறி இன்னும் சந்தையில் உலவுகின்றன; வெளியே எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் மடிப்பைக் கழுவ யாரும் நினைப்பதில்லையாம். கோடு இல்லை. காண்ட்ராக்டர் ஒரு பள்ளிக்கூட நோட்டை நீட்டினார். எண்ணெய் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் பத்தாண்டுகளுக்குத் தொடர்ச்சியாக அதில் எழுதியிருந்தன. அதை வாசித்தபோது நல்ல நாட்குறிப்பை வாசித்த நிறைவு ஏற்பட்டது என்றால் மிகையில்லை. சாப்பாடு ஒரு நாள் நேரத்துக்குப் போகாவிட்டால் காண்ட்ராக்ட் போய்விடும் என்ற நிலையில் ஓடிய வண்டி அது. அந்தக் கட்டாயம்தான் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது.

வாங்கினோம். உடலை வெட்டி வீடாக்கும் ஆசை எங்களுக்கு இருந்தது. ஆனால் உற்பத்தியாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே மடித்த இருக்கைகளின் மேல் எடுத்து வைக்கத்தக்க ஒரு பலகை, அதன் மேல் மெத்தை, பிடிமானத்துக்குப் பட்டைகள், திரைச்சீலை, தண்ணீர்க் கேன். இவ்வளவுதான் எங்கள் மோட்டார்ஹோம். ரப்பர்க் குழாய்கள், பெல்ட்டுகள், தெர்மோஸ்டாட், பேட்டரி, நான்கு டயர்கள் ஆகிய அனைத்தையும் புதிதாக்கினோம். வண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே ஆயிற்று. பழைய வண்டியின் விலை என்பது வாங்கும்போது கொடுப்பதல்ல என்று அன்று தெரிந்துகொண்டோம்.

ஆனாலும் அம்மாவைப் படுக்க வைத்து முந்நூறு கிலோமீட்டர் கொண்டுபோகும் துணிவு உடனே வந்துவிடவில்லை. அவர் சர்க்கரை நோயாளி, வெயில் தாங்காதவர். வழியில் வண்டி நின்றால் நாம் இறங்கி நிழலில் நிற்கலாம். அவரால் இறங்கவே முடியாது. மே மாத உச்சி வெயிலில் காஞ்சிபுரம், உத்திரமேரூர், திண்டிவனம் என்று மூன்று முறை காலி வண்டியை ஓட்டிப் பார்த்தோம். கிளம்பும் முன் மெக்கானிக் எங்களில் மூத்தவளைப் பட்டறையில் உட்கார வைத்து, ரேடியேட்டர்க் குழாய் மாற்றவும் வார் மாற்றவும் பாடம் நடத்தினார். பழைய குழாய்களில் நல்லவற்றை எறியாமல் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். உமணரின் உபரி அச்சு.

வைகாசியில் புறப்பட்டோம். நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறி, வண்டலூர், திண்டிவனம், விக்கிரவாண்டி. பண்ருட்டியைத் தாண்டிய சிறிது நேரத்தில் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கியது. இளையவன் உடனே ஓரம் கட்டி அணைத்தான். புதிதாகப் போட்ட குழாய்களில் ஒன்று, முழங்கை போல் வளைந்த சின்னஞ்சிறு துண்டு, வெடித்திருந்தது. ஆக, கைவிட்டது பதினான்கு ஆண்டுப் பழைய என்ஜினில்லை. நாற்பது நாள் வயதான ரப்பர். முள் சிவப்பைத் தொடும் முன் அணைத்ததால் என்ஜினுக்குச் சேதமில்லை. இன்னும் இரண்டு கிலோமீட்டர் போயிருந்தால் சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கும். மூடியைத் திறக்கும் அளவுக்குச் சூடு தணிய முக்கால் மணி ஆயிற்று. முந்திரித் தோப்பின் ஓரம். அம்மாவின் நெற்றியிலும் கழுத்திலும் ஈரத்துண்டு போட்டு, விசிறியபடி, சர்க்கரை இறங்கிவிடாமல் கஞ்சி புகட்டினோம். அவர் உதடு உலர்ந்திருந்ததைப் பார்க்க எங்களுக்குத்தான் உயிர் போயிற்று. அவர் வாய் திறந்து சொன்னது ஒன்றுதான்: "வண்டிய ஏண்டா வையறீங்க, அதுவும் பாவம் தண்ணி இல்லாம தவிக்குது." மூத்தவள் பையிலிருந்து பழைய குழாயை எடுத்துப் பொருத்தினாள். பக்கத்து மோட்டார்க் கொட்டகையில் தண்ணீர் கொடுத்தார்கள். சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாக மாலையில் மன்னார்குடி. ஊரில் வீடு விற்றுப் போயிருந்தது. திண்ணையை மட்டும் பார்த்தார். இரண்டு இரவுகள் ஹரித்ரா நதிக் கரையில், அந்தப் பெரிய குளத்தின் காற்றில், வண்டியிலேயே உறங்கினார்.

அந்தப் பழைய குழாயை மாற்றாமலேயே வேப்பம்பட்டு வந்து சேர்ந்தோம்.

2023இல் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிந்தது. முன்பு 600 ரூபாயாக இருந்த பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். தகுதிச் சோதனைக்குக் காட்டி, 2028 வரை புதுப்பித்தோம். எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டிய 2025இல் பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும் மாற்றிவிட்டோம். ஞாயிறுதோறும் காலையில் திருவள்ளூர் போய் வருகிறோம். வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் போகிறோம். என்ஜின் சூடாக வேண்டும். அம்மாவும் சில வாரங்களில் பின்னால் படுத்துக்கொண்டு வருகிறார். தை பிறந்ததும் மறுபடி மன்னார்குடி போவதாகத் திட்டம். வழிக்கு வேண்டுமென்று நார்த்தங்காயை அவர் இப்போதே உப்பில் போட்டுவிட்டார்.